பதினைந்தும் பத்தும் ஆயிரத்து ஐந்நூற்றுப் பத்து

பி.காம். முடித்த கையோடு வெப் டெவலப்மென்ட் படிக்கலாம் என்று இறங்கியிருக்கும் என் அண்ணன் மகளுக்கு ஆளாளுக்கு ஒரு மொழியைச் சொல்லியிருக்கிறார்கள். கல்லூரித் தோழி பைத்தான் என்கிறாள். பேருந்து நிலையத்துக்கு எதிர்மாடியில் இருக்கும் கோச்சிங் சென்டர்காரர் 'மெர்ன் ஸ்டாக், ஆறே மாதம்' என்று ஒரு நோட்டீஸைக் கையில் திணித்திருக்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் மாமா பையன் ஜாவாதான் கடைசிவரை சோறு போடும் என்று அடித்துச் சொல்கிறான். "நீங்க என்ன சொல்றீங்க சித்தப்பா?" என்று டீயை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் பிழைப்பு எந்த மொழியில் ஓடுகிறதோ அதைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் இவள் எழுதப்போகும் நிரல் எந்த இயந்திரத்தில் ஓடப்போகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. வெப் விஷயத்தில் முதலில் அது தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால் மொழி பாதி தானாகவே முடிவாகிவிடும்.

"பிளஸ் டூ ரிசல்ட் பாத்தது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். இருக்காதா பின்னே. பதிவெண்ணுக்கு ஒரு கட்டம், பிறந்த தேதிக்கு ஒரு கட்டம், கீழே ஒரு பட்டன். கட்டங்கள் திரையில் தெரிவது, பட்டன் நீல நிறத்தில் இருப்பது, தேதியை விட்டுவிட்டுத் தட்டினால் 'பிறந்த தேதியை நிரப்பவும்' என்று சிவப்பில் வருவது, இதெல்லாம் கையில் இருக்கும் போனே செய்துகொள்ளக்கூடிய வேலை. பக்கம் ஒருமுறை வந்து சேர்ந்த பிறகு நெட் அறுந்துபோனால்கூட அந்தச் சிவப்பு எழுத்து வரும். தேதியை நிரப்பித் தட்டிய பிறகு நடப்பது வேறு. இரண்டு விவரமும் எங்கோ இருக்கும் ஒரு சர்வருக்குப் போகின்றன. அங்கே இன்னொரு நிரல் அவற்றை வாங்கி, லட்சக்கணக்கானவர்களின் மதிப்பெண் இருக்கும் டேட்டாபேஸில் தேடி, கிடைத்ததை ஒரு பக்கமாகக் கட்டித் திருப்பி அனுப்புகிறது. ரிசல்ட் வந்த காலையில் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததே, அதற்குப் போன் மேல் பழி போடக்கூடாது. அந்த முனையில் அவ்வளவு கூட்டம்.

ஆக, ஒரு வெப்சைட் என்பது இரண்டு இடங்களில் ஓடும் இரண்டு நிரல்கள். வேலை விளம்பரங்களில் ஃப்ரன்ட் எண்ட், பேக் எண்ட் என்று போடுவது இந்த இரண்டு முனைகளைத்தான். இரண்டையும் செய்பவரை ஃபுல் ஸ்டாக் என்பார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே சம்பளம் கொடுக்க வசதியான பெயர்.

போன் முனையில் நமக்கு விருப்பம் என்று ஒன்று கிடையாது. பிரவுசருக்குத் தெரிந்தது மூன்று. பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று சொல்ல எச்டிஎம்எல். அது எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்ல சிஎஸ்எஸ். தட்டினால், இழுத்தால், நிரப்பினால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்ல ஜாவாஸ்கிரிப்ட். இவற்றில் நிரல்மொழி என்று சொல்லத்தக்கது கடைசி ஒன்றுதான். அதனால் முதல் இரண்டும் மட்டம் என்று நினைத்து ஒரே நாளில் ஓட்டிவிட்டுப் போகிறவர்கள், ஒரு படிவத்தில் இரண்டு கட்டங்களை ஒரே வரிசையில் நிறுத்த முடியாமல் ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்திருப்பார்கள்.

இப்படி ஒரே ஒரு மொழி வந்து மாட்டிக்கொண்டதற்கு ஒரு கதை இருக்கிறது. டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தில் இதற்கான திட்டத்தை எழுதிக் கொடுத்தபோது, இயற்பியல்காரர்களின் ஆவணங்களை ஒன்றோடொன்று இணைப்பதுதான் நோக்கம். படிக்கும் பக்கத்துக்குள் நிரல் எதற்கு? 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்துக்கு அது தேவைப்பட்டது. பக்கத்துக்குள்ளேயே சின்னச் சின்ன வேலை பார்க்க ஒரு மொழி வேண்டும், அதுவும் உடனே வேண்டும். பிரெண்டன் ஐக் என்பவர் அந்த ஆண்டு மே மாதம் பத்து நாளில் முதல் வடிவத்தை எழுதி முடித்தார். முதலில் மோக்கா என்றார்கள், பிறகு லைவ்ஸ்கிரிப்ட் என்றார்கள். அந்தச் சமயத்தில் சன் நிறுவனத்தின் ஜாவாவைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு, அந்த வெளிச்சத்தில் இதுவும் தெரியட்டும் என்று ஆண்டுக் கடைசியில் ஜாவாஸ்கிரிப்ட் ஆக்கிவிட்டார்கள். மற்றபடி இரண்டும் வேறு வேறு மொழிகள். வெப்சைட் செய்யலாம் என்று வந்து, பெயர்க் குழப்பத்தில் ஜாவா வகுப்பில் பணம் கட்டி உட்கார்ந்து, பக்கம் எப்போது திரையில் வரும் என்று காத்திருப்பவர்கள் இன்றைக்கும் உண்டு.

"பத்து நாள்ல அவசரத்துல எழுதினதா? அதைப் போய் படிக்கச் சொல்றீங்களே!"

அவசரம் தெரியத்தான் செய்யும். இந்த மொழியில் 'நல்' என்று ஒன்று இருக்கிறது. இங்கே ஒன்றுமில்லை என்று குறிக்க வைத்தது. அது என்ன வகை என்று மொழியிடமே கேட்டால், 'ஆப்ஜெக்ட்', அதாவது ஒரு பொருள், என்று பதில் சொல்கிறது. தவறு என்று எல்லோருக்கும் தெரியும். திருத்தலாம் என்று யோசனையும் வந்தது. திருத்தினால் அந்தத் தப்பான பதிலை நம்பி எழுதப்பட்ட பழைய பக்கங்கள் உடைந்துபோகும் என்று கைவிட்டார்கள். பிரவுசர்காரர்களுக்கு இது ஒரு விரதம் மாதிரி: 1990-களில் எழுதின பக்கம் இன்றைக்கும் திறக்க வேண்டும். புதிது சேர்ப்பார்கள், பழையதைப் பிடுங்கமாட்டார்கள். அதனால் இதில் படித்தது வீணாவதில்லை என்பது ஒரு லாபம். பழைய கோணல்களையும் சேர்த்துச் சுமக்க வேண்டும் என்பது அதற்கான விலை. வெப்அசெம்ப்ளி என்ற வழியாக மற்ற மொழிகளில் எழுதியதையும் இப்போது பிரவுசருக்குள் ஓட்டலாம். ஆனால் பக்கத்தில் இருக்கும் ஒரு பட்டனைத் தொட வேண்டும் என்றால் அதுவும் ஜாவாஸ்கிரிப்ட் வழியாகத்தான் போக வேண்டும்.

சர்வர் முனையில் இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. அது நம் இயந்திரம், நாம் எதை நிறுவுகிறோமோ அது ஓடும். பிஎச்பி, பைத்தான், ரூபி, ஜாவா, கோ, சி ஷார்ப், எதுவானாலும் சரி. வந்த விவரத்தை வாங்கி ஒரு பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும். உள்ளே எந்த மொழியில் சமைத்தார்கள் என்று பிரவுசருக்குத் தெரியவும் தெரியாது. 2009-இல் ரயான் டால் என்பவர், குரோம் பிரவுசருக்குள் இருந்த ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினைத் தனியே எடுத்து சர்வரில் ஓடும்படி செய்தார். அதற்கு நோட் என்று பெயர். அன்றிலிருந்து ஜாவாஸ்கிரிப்ட் இரண்டு முனைக்கும் சொந்தம்.

எல்லாச் சர்வர் மொழியும் ஒன்றுதான் என்றால் பிறகு ஏன் இவ்வளவு சண்டை என்று கேட்கலாம். மொழிக்கு மொழி குணம் வேறு. அதைப் பெரிய பட்டியல் போட்டு விளக்குவதைவிட ஒரு டீக்கடை பில்லைக் கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பக்கத்தில் ஒரு கட்டம். அதில் கடைக்காரர் டீயின் விலையை 15 என்று தட்டுகிறார். வடை 10 ரூபாய், அது நிரலுக்குள்ளேயே எண்ணாக எழுதியிருக்கிறது. இரண்டையும் கூட்ட வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம். கட்டத்தில் மனிதர் தட்டுவது எதுவானாலும் அது நிரலுக்கு எழுத்தாகத்தான் வந்து சேரும். அவர் 15 என்று தட்டியது நமக்குப் பதினைந்து. நிரலுக்கு ஒன்று என்ற எழுத்தும் ஐந்து என்ற எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, அவ்வளவே.

ஜாவாஸ்கிரிப்ட்டில் கூட்டல் குறிக்கு இரண்டு வேலை. இரண்டு பக்கமும் எண் இருந்தால் கூட்டும். ஒரு பக்கம் எழுத்து இருந்தாலும், மற்றதையும் எழுத்தாக்கி ஒட்டிவிடும். ஆகவே பில் 1510 ரூபாய். எர்ரர் இல்லை, எச்சரிக்கை இல்லை, சிவப்பு எழுத்து இல்லை. ஒரு டீக்கும் வடைக்கும் ஆயிரத்து ஐந்நூற்றுப் பத்து. வேடிக்கை என்னவென்றால் அதே கட்டத்திலிருந்து 10-ஐக் கழித்தால் 5 என்று சரியாகச் சொல்லும், பத்தால் பெருக்கினால் 150 என்றும் சரியாகச் சொல்லும். கழித்தலுக்கும் பெருக்கலுக்கும் ஒட்டுகிற வேலை கிடையாது, ஆகவே எழுத்தை எண்ணாக்கிக்கொள்ளும். கூட்டலில் மட்டும் காலை வாரிவிடும்.

இதே விவரம் பைத்தானில் எழுதிய சர்வருக்கு வந்தால், எழுத்தையும் எண்ணையும் கூட்டச் சொன்ன வரியில் நிரல் நின்றுவிடும். எத்தனையாவது வரி, என்ன வகையோடு என்ன வகை சேரவில்லை என்று எழுதிக் காட்டிவிட்டு நிற்கும். நாம் போய் அந்த 15-ஐ எண்ணாக மாற்றச் சொல்லி ஒரு வார்த்தை சேர்த்தால்தான் மேலே நகரும்.

பிஎச்பி மூன்றாவது ரகம். அது 25 என்று சொல்லிவிட்டுப் போய்விடும். அங்கே எழுத்துகளை ஒட்டுவதற்குப் புள்ளி என்று தனிக் குறி வைத்திருக்கிறார்கள். கூட்டல் குறிக்குக் கூட்டல் மட்டும்தான் தெரியும். கடைக்காரர் '15 ரூபாய்' என்று தட்டியிருந்தால்கூட ஓர் எச்சரிக்கையை முனகிவிட்டு 25 என்றே சொல்லும்.

"அப்போ பிஎச்பிதானே நல்லது? கரெக்டா சொல்லுதே!"

இன்றைக்குச் சரியாகச் சொன்னது. நாளைக்கு யாராவது விலைக் கட்டத்தில் '15 ரூபாய் 50 காசு' என்று தட்டினால், காசை விட்டுவிட்டு அதே 25-ஐச் சொல்லும். அது கணக்குப் பார்க்கிறவளுக்கு இன்னும் ஆபத்து. 1510 என்றால் யாருக்கும் கண்ணில் படும், 50 காசு குறைந்தது படாது. டாலியில் உட்கார்ந்து ஒரு ரூபாய் வித்தியாசத்தைத் தேடின உனக்கு இது தெரியாதா என்ன? புதிதாகப் படிக்கிறவருக்கு நல்லது பைத்தானின் குணம்தான். தப்பு நடந்த இடத்திலேயே நின்று கத்துகிற மொழி.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நான் அவளுக்குச் சொன்ன பதில் ஜாவாஸ்கிரிப்ட்.

காரணம் எளிது. வெப்தான் போகிற ஊர் என்றால் இதைச் சுற்றிக்கொண்டு போக வழியே இல்லை. பைத்தானில் தொடங்கினாலும் மூன்றாவது மாதம் ஒரு பட்டனைத் தட்டியதும் பெட்டி விரிய வேண்டும் என்று யாராவது கேட்பார்கள், ஜாவாஸ்கிரிப்ட் புத்தகத்தை எடுத்தாக வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டில் தொடங்கினால் இரண்டாவது மொழியை எப்போது எடுப்பது என்பது நம் கையில் இருக்கும். எதையும் நிறுவ வேண்டியதில்லை. பிரவுசரைத் திறந்து எஃப்12-ஐ அழுத்தினால் கீழே ஒரு கன்சோல் வரும், அதில் தட்ட வேண்டியதுதான். டீக்கடைக் கணக்கை அவள் அங்கேயே போட்டுப் பார்த்தாள். 1510 வந்ததும் சிரித்தாள். பிறகு அந்த 15-ஐ 'நம்பர்' என்ற அடைப்புக்குள் போட்டு மறுபடி கூட்டச் சொன்னேன். 25. இந்த மொழியோடு பழகுவது இப்படித்தான்: வெளியிலிருந்து எது வந்தாலும் வாசலிலேயே எண்ணா எழுத்தா என்று பார்த்து உள்ளே விடுகிற பழக்கம் வந்துவிட்டால் அதன் கோணல்களில் பாதி நம்மை ஒன்றும் செய்யாது.

அவளுக்கு இன்னொரு வசதி இருக்கிறது, அதை அவளே மறந்துபோயிருந்தாள். காமர்ஸ் குரூப்பில் கணினிப் பயன்பாடுகள் எடுத்தவள். 2018-இல் தொடங்கி நம் மாநிலப் பாடத்திட்டம் மாறியபோது, அந்தப் பாடத்தின் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் வந்தன. பன்னிரண்டாம் வகுப்பில் பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும். தமிழ்வழிப் புத்தகமும் இருக்கிறது. "அய்யோ, அதுவா? அஞ்சு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணி எழுதினோம் சித்தப்பா, கம்ப்யூட்டர்ல ஒரு தடவைகூட ஓட்டிப் பாக்கல" என்றாள். ஓட்டிப் பார்க்காத குறைதான். பரணிலிருந்து அதை இறக்கி, ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் பிரவுசரில் தட்டிப் பார்க்கச் சொன்னேன். காசு கொடுத்து வாங்கும் பல கோர்ஸ்களில் முதல் இரண்டு மாதத்துக்குச் சொல்லித்தருவது அதில் இருக்கிறது.

பிஎச்பியைப் பற்றி ஒரு வார்த்தை அதிகமாகவே சொல்ல வேண்டும். சென்னை கம்பெனிக்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே முகத்தைச் சுளிப்பார்கள். ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1994-இல் அதைத் தொடங்கியது ஒரு மொழி செய்யும் எண்ணத்தில் அல்ல. இணையத்தில் போட்டிருந்த தன் பயோடேட்டாவை யார் வந்து பார்க்கிறார்கள் என்று எண்ணுவதற்காகச் சில கருவிகள் எழுதினார், அது வளர்ந்து மொழியானது. அப்படி வளர்ந்ததால் பெயர்களிலும் முறைகளிலும் ஒழுங்கு குறைவு, உண்மைதான். ஆனால் விக்கிபீடியா ஓடுவது அதில்தான். ஃபேஸ்புக் 2004-இல் தொடங்கியதும் அதில்தான். 2003-இல் வந்த வேர்ட்பிரஸ் அதில் எழுதப்பட்டது, உலகத்து வெப்சைட்டுகளில் பத்துக்கு நான்கு வேர்ட்பிரஸ் என்று கணக்கு. நம் ஊர் ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், தனியார் பள்ளி ஆகியவற்றின் சைட்டுகளைத் திறந்து பார், பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஒரு கோப்பை எழுதி மலிவான ஹோஸ்டிங்கில் ஏற்றிவிட்டால் அந்த நிமிடமே ஓடும். ஒவ்வொரு முறை யாராவது பக்கத்தைக் கேட்கும்போதும் அந்தக் கோப்பு முதலிலிருந்து ஓடி முடிந்து எல்லாவற்றையும் மறந்துவிடும். ஒருவர் பக்கத்தில் நடந்த குளறுபடி அடுத்தவருக்கு ஒட்டாது. புதியவருக்கு இந்த எளிமை பெரிய வரம். மாசச் சம்பளம் தேடாமல் ஊரிலேயே இருந்து நாலு கடைக்கு சைட் செய்து கொடுத்துச் சம்பாதிக்க வேண்டும் என்று ஒருத்தி சொன்னால், அவளிடம் ஜாவாஸ்கிரிப்ட்டைக் கொஞ்சம் தொட்டுவிட்டுப் பிஎச்பிக்குப் போ என்றே சொல்வேன். யாருக்காகவும் கூச்சப்பட வேண்டியதில்லை.

பைத்தானின் வழி வேறு. கீடோ வான் ராஸம் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆம்ஸ்டர்டாமில் எழுதத் தொடங்கியது, 1991-இல் வெளிவந்தது. அப்போது அதற்கும் வெப்புக்கும் சம்பந்தமே இல்லை. வெப் பக்கம் அதைக் கொண்டுவந்ததில் ஜாங்கோ என்ற ஃபிரேம்வொர்க்குக்குப் பெரிய பங்கு. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் என்ற ஊரின் தினசரிப் பத்திரிகை அலுவலகத்தில் பிறந்தது அது. காலையில் செய்தி ஆசிரியர் வந்து, சாயங்காலத்துக்குள் தேர்தல் முடிவுக்கு ஒரு பக்கம் வேண்டும் என்பார். அந்த அவசரத்துக்காகத் தங்களுக்குச் செய்துகொண்டதை 2005-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். கேட்டதும் செய்து கொடுக்கும் குணம் அதில் இன்றும் இருக்கிறது: டேட்டாபேஸில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டால், விவரங்களைச் சேர்க்கவும் திருத்தவும் ஒரு நிர்வாகப் பக்கத்தை அதுவே கட்டித் தந்துவிடும். இன்ஸ்டாகிராம் தொடங்கியது ஜாங்கோவில். வெப்பும் வேண்டும், கூடவே கணக்கு விவரங்களை அலசும் வேலையும் வேண்டும் என்றால் பைத்தான் நல்ல தேர்வு. பி.காம். படித்தவளுக்கு ஒருநாள் இது கண்டிப்பாக உதவும், இரண்டாவது மொழியாக.

மற்றவற்றை வேகமாகத் தாண்டலாம். ரூபியின் ஃபிரேம்வொர்க்கான ரெயில்ஸ் அழகானது. சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க் அதில் எழுதப்பட்டதுதான். ஆனால் தொடக்கக்காரருக்கு வேலைக் கதவுகள் குறைவு. ஜாவா பெரிய நிறுவனங்களின் மொழி. மாமா பையன் சொல்வது தப்பில்லை, ஆனால் ஒரு பக்கத்தைத் திரையில் கொண்டுவருவதற்குள் பொறுமை போய்விடும். கோ இரண்டாவது மொழியாக எடுக்கத்தக்கது.

எந்த மொழியை எடுத்தாலும் தமிழில் பக்கம் செய்கிறவர்கள் இடறுகிற இடம் ஒன்று இருக்கிறது, கோர்ஸ்களில் இதைச் சொல்லித்தர மாட்டார்கள். கிருஷ்ணமூர்த்தி என்ற பெயரில் எத்தனை எழுத்து? கி, ரு, ஷ், ண, மூ, ர், த், தி. எட்டு. ஜாவாஸ்கிரிப்ட்டிடம் நீளம் கேட்டால் 15 என்கிறது. பைத்தானும் 15 என்கிறது. பிஎச்பியின் சாதாரண நீளக் கணக்கு 45 என்கிறது. மூன்றும் பொய் சொல்லவில்லை. யூனிகோடில் 'கி' என்பது க ஒன்றும் இகரக் குறி ஒன்றுமாக இரண்டு குறிகள். 'ஷ்' என்பது ஷ-வும் மேலே ஒரு புள்ளியும். அப்படிக் குறி குறியாக எண்ணினால் 15. சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் ஆகும், அதை எண்ணினால் 45. இங்கிலீஷ் பெயர்களை மட்டும் மனதில் வைத்து, பெயர்க் கட்டத்தில் 12 எழுத்துக்கு மேல் வேண்டாம் என்று ஒருவர் எழுதிவைத்துவிட்டால், எட்டே எழுத்துப் பெயர்க்காரர் 'கிருஷ்ணமூர்த' என்று பாதியில் நிற்பார். இப்போதைய பிரவுசர்களில் இன்டெல் செக்மென்டர் என்று ஒரு வசதி ஜாவாஸ்கிரிப்ட்டோடு வருகிறது, அதைக் கொண்டு எண்ணினால் எட்டு சரியாக வரும். பிஎச்பியிலும் பைத்தானிலும் அதற்கென்று தனி வழிகள் உண்டு. கேட்டால்தான் கிடைக்கும், தானாக வராது.

மெர்ன் ஸ்டாக் நோட்டீஸுக்கு வருவோம். மங்கோடிபி, எக்ஸ்பிரஸ், ரியாக்ட், நோட், இந்த நான்கின் முதல் எழுத்துகள். டேட்டாபேஸ் ஒன்று, மற்ற மூன்றும் ஜாவாஸ்கிரிப்ட்டைச் சுற்றியவை. கெட்டதில்லை. 2013-இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிக்கு வேலை நிறைய இருக்கிறது. ஆனால் முதல் நாளே அதில் இறக்கிவிட்டால் எது மொழி, எது ரியாக்ட், எது பிரவுசர் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமலே ஆறு மாதம் ஓடிவிடும். அங்கே ஒரு வெறும் பக்கத்தைத் தொடங்கினாலே பின்னால் நூற்றுக்கணக்கான பிறர் எழுதிய பொதிகள் வந்து இறங்கும். 2016 மார்ச்சில் அப்படி ஒரு பொதியை எழுதியவர் ஒரு தகராறில் தன் பொதிகளைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அந்த ஒன்றில் இருந்தது பதினொரே வரி. ஒரு சொல்லுக்கு இடப்பக்கம் இடைவெளியோ சுழியமோ நிரப்புகிற வேலை, அவ்வளவுதான். அதை நம்பியிருந்தது இன்னொன்று, அதை நம்பியிருந்தது இன்னொன்று. சில மணி நேரம் உலகெங்கும் பெரிய பெரிய நிறுவனங்களின் வேலை நின்றது. பதினொரு வரியைத் தானே எழுதத் தெரிந்தவள் பிறகு ரியாக்ட்டுக்குப் போகட்டும். டைப்ஸ்கிரிப்ட்டுக்கும் இதே பதில். மைக்ரோசாஃப்ட் 2012-இல் கொண்டுவந்த அது, எண் என்று அறிவித்த இடத்தில் எழுத்து வந்து உட்கார்ந்தால் ஓடுவதற்கு முன்பே பிடித்துக் கொடுக்கும். 1510-ல் ஒரு தடவை அடிபட்டவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

"இதெல்லாம் ஏஐ-கிட்ட கேட்டா எழுதிக் குடுத்துடுதே சித்தப்பா?"

கொடுக்கும், நன்றாகவே கொடுக்கும். நானும் கேட்கிறேன். ஆனால் அது எழுதிய பில் 1510 என்று வந்து நின்றால், எந்த வரியில் எழுத்து எண்ணாகாமல் போனது என்று விரல் வைத்துக் காட்ட ஒரு ஆள் வேண்டும். முதல் நான்கைந்து மாதம் அதனிடம் எழுதித் தரச் சொல்லாதே, நீ எழுதியதைக் கொடுத்து 'இது ஏன் நின்றது' என்று மட்டும் கேள் என்றேன். அவள் முகத்தைப் பார்த்தால் கேட்பாள் என்று தோன்றவில்லை.

என்ன செய்து படிப்பது என்பதற்கு அவள் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. அவள் அம்மா பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். அளவு, லைனிங் உண்டா இல்லையா, கூலி, முன்பணம், கொடுக்க வேண்டிய தேதி, எல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில். அதை ஒரு பக்கமாக்கு. முதலில் எச்டிஎம்எல்லில் படிவம் மட்டும். அது போனில் திறந்தால் ஒழுங்காகத் தெரியும்வரை சிஎஸ்எஸ். பிறகு கூலியில் முன்பணத்தைக் கழித்து மீதியைக் காட்ட ஜாவாஸ்கிரிப்ட். பக்கத்தை மூடித் திறந்தால் எல்லாம் அழிந்துபோகும், அப்போதுதான் டேட்டாபேஸ் எதற்கு என்று புரியும். அங்கே எஸ்க்யூஎல் படி. 1970-களிலிருந்து இருக்கும் மொழி அது. சர்வரில் பிஎச்பி, பைத்தான், நோட் எது இருந்தாலும் அதற்குப் பின்னால் இது பெரும்பாலும் இருக்கும். தேதி வாரியாக எத்தனை பிளவுஸ் பாக்கி, யாரிடம் எவ்வளவு வர வேண்டும் என்று கேட்கத் தெரிந்தால் போதும். கணக்குப் படித்தவளுக்கு இது மொழி மாதிரியே இருக்காது. சர்வர் பக்கத்துக்கு நோட் எடுப்பதா பிஎச்பி எடுப்பதா என்று அந்தக் கட்டம் வரும்போது முடிவு செய்துகொள்ளலாம். இப்போதே அதற்குத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக லேப்டாப்பைப் பற்றிக் கேட்டாள். கோச்சிங் சென்டரில் அறுபதாயிரத்துக்குக் குறைந்து வாங்காதே என்றார்களாம். அவள் அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப் வீட்டில் சும்மா கிடக்கிறது. ஒரு பிரவுசரும் சாதாரண நோட்பேடும் திறந்தால், சர்வர் கட்டம் வரும்வரை மேலே சொன்னதெல்லாம் அதில் ஓடும். அதன் பேட்டரி போய் நாளாகிவிட்டது, சார்ஜரை எலி கடித்திருக்கிறது. சார்ஜர் மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.